ஜெர்சியின் விலையும் ரசிகரின் விசுவாசமும்

2024 ஐரோப்பியக் கோப்பைக்காக வெளியான இங்கிலாந்துக் கால்பந்து அணியின் ஜெர்சி இரண்டு விலைகளில் விற்கப்பட்டது. ரசிகர்களுக்கான சாதாரண வகை 84.99 பவுண்டு. ஆட்டக்காரர்கள் களத்தில் அணியும் துணியிலும் வெட்டிலும் தைத்த 'அசல்' வகை 124.99 பவுண்டு. சிறுவர்களுக்கான சாதாரண வகையே 64.99 பவுண்டு. அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த கியர் ஸ்டார்மர் விலையைக் குறைக்கும்படி கேட்டார். பத்து ஆண்டுகளுக்கு முன், 2014 உலகக் கோப்பையின்போது, இதே அணியின் ஜெர்சி 60 பவுண்டுக்கும் 90 பவுண்டுக்கும் வந்தது. அன்று பிரதமராக இருந்த டேவிட் கேமரூன் அந்த விலையைக் கண்டித்தார். கட்சிகள் மாறின, கண்டனம் மாறவில்லை, விலை மட்டும் ஏறியது.

பிரிட்டனில் கால்பந்துக் கிளப்புகள் விற்கும் ஜெர்சி, கழுத்துத்துண்டு, தொப்பி முதலியவற்றின் விலை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகச் சர்ச்சைக்கு உரியதாகவே இருந்துவருகிறது. இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, விலை ஏன் இவ்வளவு என்ற பொருளாதாரக் கேள்வி. மற்றொன்று, கிளப் தன் ரசிகரை யாராகப் பார்க்கிறது என்ற உறவு பற்றிய கேள்வி. முதல் கேள்விக்கான விடை பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கிறது.

விற்பனைப் பொருளான சீருடை

1970கள் வரை கால்பந்துச் சீருடை ஒரு செலவுக் கணக்கு. கிளப் காசு கொடுத்து வாங்கி ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்தது. சிறுவர்களுக்கான சீருடைகள் கடைகளில் கிடைத்தாலும், அவற்றில் குறிப்பிட்ட கிளப்புக்கே உரிய தனி வடிவமைப்பு அரிது. சிவப்புச் சட்டை என்றால் அது பல அணிகளுக்கும் பொருந்தும்.

இதை மாற்றியது அட்மிரல் என்ற பெயர். லெஸ்டர் நகரை அடுத்த விக்ஸ்டனில் உள்ளாடை தயாரித்துவந்த குக் அண்ட் ஹர்ஸ்ட் நிறுவனம் அந்தப் பெயரில் விளையாட்டு உடைகளில் இறங்கியது. டான் ரெவியின் பயிற்சியில் உச்சத்தில் இருந்த லீட்ஸ் யுனைடெட் கிளப்போடு 1973இலும், ரெவி தேசிய அணிக்குப் பொறுப்பேற்ற 1974இல் இங்கிலாந்து அணியோடும் அது ஒப்பந்தம் செய்தது. பணம் செல்லும் திசை அதோடு திரும்பியது. இப்போது உற்பத்தியாளர் கிளப்புக்குப் பணம் கொடுத்தார். பதிலுக்கு, சட்டப் பாதுகாப்புள்ள வடிவமைப்பில் அதே சட்டையைச் சிறுவர்களுக்கு விற்கும் உரிமையைப் பெற்றார். சட்டைக்குத் தனி வடிவமும் முத்திரையும் வந்தபின் அதை யார் வேண்டுமானாலும் தைத்து விற்க முடியாமல் போனது.

அடுத்த படிகள் விரைவாக வந்தன. 1979இல் லிவர்பூல் அணி ஜப்பானிய நிறுவனமான ஹிட்டாச்சியின் பெயரை நெஞ்சில் தாங்கியது. 1992இல் பிரீமியர் லீக் பிறந்தது, 1993 முதல் ஆட்டக்காரரின் பெயரும் நிலையான எண்ணும் முதுகில் ஏறின. பெயர் அச்சிடத் தனிக் கட்டணம். அந்த ஆட்டக்காரர் வேறு கிளப்புக்குப் போய்விட்டால் சட்டை பழையதாகிவிடும். சிறுவர்களுக்கான பண்டமாகத் தொடங்கிய ஜெர்சியைப் பெரியவர்களும் வீதியிலும் மதுக்கடையிலும் அணியத் தொடங்கியது இக்காலத்தில்தான்.

ஒரு ஜெர்சியின் விலை எங்கே போகிறது

84.99 பவுண்டு ஜெர்சியை எடுத்துக்கொண்டால், அதில் ஏறத்தாழ 14 பவுண்டு மதிப்புக் கூட்டு வரியாக அரசுக்குப் போகிறது. பிரிட்டனில் பெரியவர் உடைக்கு 20 விழுக்காடு வரி உண்டு, சிறுவர் உடைக்கு வரி இல்லை. வரியே இல்லாத சிறுவர் ஜெர்சியும் 65 பவுண்டை நெருங்குவதால், வரியைக் காட்டி விலையை நியாயப்படுத்த வழியில்லை. மீதித் தொகையைக் கடைக்காரரும் உற்பத்தி நிறுவனமும் கிளப்பும் பங்கிட்டுக்கொள்கின்றனர். தொழிற்சாலையில் பாலியெஸ்டர் துணியை வெட்டித் தைத்து அனுப்பும் செலவு விற்பனை விலையில் ஒரு சிறு பகுதிதான். விளம்பரம், கிடங்கு, விற்காமல் தேங்கும் சரக்கு ஆகியவற்றின் செலவும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கிளப்புக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட பெருந்தொகையை நிறுவனம் திரும்ப எடுத்தாக வேண்டும்.

அந்தத் தொகைகளின் வளர்ச்சியே விலையேற்றத்தின் முதல் காரணம். மான்செஸ்டர் யுனைடெட் 2002இல் நைக்கியோடு தொடங்கிய ஒப்பந்தம் 13 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 303 மில்லியன் பவுண்டு. 2015இல் தொடங்கிய அடிடாஸ் ஒப்பந்தம் பத்தே ஆண்டுகளுக்கு 750 மில்லியன். 2023இல் அது 2035 வரை நீட்டிக்கப்பட்டபோது குறைந்தபட்சத் தொகை 900 மில்லியன். கிளப் இந்தப் பணத்தை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்கிறது. அதை ஈட்டும் சுமையை நிறுவனம் ஏற்கிறது, கடைசியில் அது கடையில் நிற்கும் ரசிகரின் தலையில் இறங்குகிறது.

இத்தகைய ஒப்பந்தங்களின் உள்ளடக்கம் வெளியே தெரிவது அரிது. 2019 அக்டோபரில் லிவர்பூல் கிளப்புக்கும் நியூ பேலன்ஸ் நிறுவனத்துக்கும் இடையே லண்டன் உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு ஒரு விதிவிலக்கு. நைக்கி முன்வைத்த நிபந்தனைகளுக்கு ஈடுகொடுத்து ஒப்பந்தத்தைத் தொடரும் உரிமை தனக்கு உண்டு என்று நியூ பேலன்ஸ் வாதாடித் தோற்றது. நைக்கி ஆண்டுக்கு 30 மில்லியன் பவுண்டு நிலையான தொகையும், நிகர விற்பனையில் 20 விழுக்காடு உரிமத்தொகையும் தருவதாகச் சொன்னது வழக்கில் வெளிவந்தது. பணத்தைவிடத் தீர்ப்பைத் தீர்மானித்தது விளம்பர பலம். லெப்ரான் ஜேம்ஸ், செரீனா வில்லியம்ஸ் போன்ற உலகப் புகழ் பெற்றவர்களைக் கொண்டு ஜெர்சியை விற்போம் என்ற நைக்கியின் உறுதிமொழிக்கு நியூ பேலன்ஸால் ஈடுகொடுக்க முடியவில்லை. லிவர்பூல் நகரத்து ரசிகர் ஏற்கெனவே கையில் இருக்கும் வாடிக்கையாளர், தேடப்படுபவர் உலகச் சந்தையில் இருக்கிறார் என்பதை அந்தக் கணக்கு காட்டியது.

பெரிய ஆட்டக்காரர் ஒருவரை வாங்கும்போதெல்லாம், ஜெர்சி விற்பனையிலேயே அந்தப் பணம் வந்துவிடும் என்ற பேச்சு எழும். உரிமத்தொகையின் கணக்கு இதைப் பொய்யாக்குகிறது. உரிமத்தொகை கடை விலையில் கணக்கிடப்படுவதில்லை, நிறுவனம் கடைக்காரருக்கு விற்கும் விலையில்தான் கணக்கிடப்படுகிறது. அந்த விலை 40 பவுண்டு என்று வைத்துக்கொண்டால், தாராளமான 20 விழுக்காட்டிலும் கிளப்புக்கு ஒரு ஜெர்சியில் 8 பவுண்டுதான் கிடைக்கும். 50 மில்லியன் பவுண்டு விலையை ஈட்ட 62.5 லட்சம் ஜெர்சிகள் கூடுதலாக விற்க வேண்டும். ரசிகர் ஜெர்சி வாங்கித்தான் நட்சத்திர ஆட்டக்காரர் வருகிறார் என்ற நம்பிக்கை விற்பனைக்கு உதவும், கணக்குக்கு உதவாது.

மாற்றுச் சரக்கு இல்லாத சந்தை

மற்ற உடைகளில் விலை அதிகமென்றால் வாங்குபவர் அடுத்த கடைக்குப் போகலாம். நியூகாசில் ரசிகர் விலை குறைவு என்பதற்காக சண்டர்லாந்து ஜெர்சி வாங்கப் போவதில்லை. குடும்பம், ஊர், தலைமுறை ஆகியவற்றின் வழியே வந்த பற்றை மாற்றிக்கொள்ள முடியாது. ஆகவே ஒவ்வொரு கிளப்பும் தன் ரசிகர்களிடையே தனியுரிமை விற்பனையாளர்தான்.

இந்தத் தனியுரிமையின் சட்ட அடித்தளம் வணிகச் சின்ன உரிமை. அது எவ்வளவு வலுவானது என்பதை ஆர்சனல் கிளப் தொடுத்த வழக்கு தெளிவாக்கியது. லண்டன் ஹைபரி மைதானத்துக்கு வெளியே 1970 முதல் கழுத்துத்துண்டுகளும் சட்டைகளும் விற்றுவந்த ஒரு கடைக்காரர்மீது கிளப் வழக்குப் போட்டது. தம் சரக்கு கிளப்பின் அதிகாரபூர்வச் சரக்கு அல்ல என்று அவர் பலகையிலேயே எழுதி வைத்திருந்தார். ரசிகர்கள் ஆர்சனல் பெயரைப் பற்றின் அடையாளமாகத்தான் பார்க்கிறார்கள், தயாரித்தவரைக் காட்டும் முத்திரையாகப் பார்ப்பதில்லை என்பது அவர் வாதம். உயர் நீதிமன்ற நீதிபதி லாடி அந்த வாதத்தின் பக்கம் சாய்ந்தார். 2002 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் கிளப்புக்குச் சாதகமாக விளக்கம் தந்தது. 2003இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றமும் கிளப்பின் பக்கம் தீர்ப்பளித்தது. பற்றின் அடையாளம் என்பதாலேயே யாரும் அதை விற்றுவிட முடியாது என்பது உறுதியானது. மைதானத்து வாசலில் மலிவான மாற்றை விற்றுவந்த தெருவோர வியாபாரம் அதோடு சட்டத்தின் நிழலுக்குள் போனது.

தனியுரிமை கையில் இருந்தால் விலையை ஏற்றுவது ஒரு வழி, வாங்கும் தடவைகளைக் கூட்டுவது மற்றொரு வழி. சொந்த மைதானச் சீருடை, வெளியூர்ச் சீருடை, மூன்றாவது சீருடை என ஆண்டுக்கு மூன்று புதிய வடிவமைப்புகள் வருவது பெரிய கிளப்புகளில் வழக்கமாகிவிட்டது. 1996 ஏப்ரலில் சவுத்தாம்ப்டன் மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட் சாம்பல் நிறச் சட்டையில் ஆடி, முதல் பாதியில் 3–0 எனப் பின்தங்கியது. இடைவேளையில் அணி வேறு நிறச் சட்டைக்கு மாறியது. கூட்டத்தின் பின்னணியில் சக ஆட்டக்காரர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் காரணம் சொன்னார். ஐந்து ஆட்டங்களில் ஒன்றில்கூட வெல்லாத அந்தச் சட்டை கைவிடப்பட்டது. அதைக் காசு கொடுத்து வாங்கிய ரசிகர்களின் கையில், அணி இனி அணியாத சட்டை மிஞ்சியது.

'அசல்' வகை இதே உத்தியின் அண்மைக்கால வடிவம். அது வந்தபின், முன்பு ஜெர்சி என்றே அழைக்கப்பட்ட சட்டை இரண்டாம் தரமாகிவிட்டது. சாதாரண வகையின் விலை உயர்ந்தாலும் பக்கத்தில் தொங்கும் 125 பவுண்டு சட்டை அதை மலிவாகக் காட்டுகிறது.

விலைக் கூட்டுச் சதி

சில்லறைக் கடைகளுக்கிடையே போட்டி இருந்தால் விலை ஓரளவு இறங்கும். அந்தப் போட்டியும் முடக்கப்பட்டது என்பதே இந்த வரலாற்றின் மிகக் கறைபடிந்த பகுதி. கடைகள் குறைந்த விலைக்கு விற்பதைத் தடுக்கும் ஏற்பாடுகளை நிறுத்துவதாக இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமும் பிரீமியர் லீக்கும் ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கமும் 1999இல், வணிகப் போட்டியைக் கண்காணித்த நியாய வணிக அலுவலகத்துக்கு உறுதிமொழி தந்தன. அடுத்த ஆண்டே அது மீறப்பட்டது.

2000, 2001ஆம் ஆண்டுகளில் அம்ப்ரோ தயாரித்த இங்கிலாந்து, மான்செஸ்டர் யுனைடெட் ஜெர்சிகள் 40 பவுண்டுக்குக் கீழே போகாதபடி உற்பத்தியாளரும் பெரிய கடைத்தொடர்களும் பேசி வைத்துக்கொண்டனர். 2000 ஜூனில் போட்டிக் கடைகளின் உரிமையாளர்கள் அவர்களில் ஒருவரது வீட்டிலேயே கூடிப் பேசினர். விலையைக் குறைத்து விற்க விரும்பிய ஸ்போர்ட்ஸ் சாக்கர் நிறுவனம் முறையிட்டதால் செய்தி வெளிப்பட்டது. தானும் அந்த ஏற்பாட்டுக்கு உடன்பட்டதால் அந்நிறுவனமும் அபராதத்துக்குத் தப்பவில்லை. 2003 ஆகஸ்ட் 1 அன்று பத்து அமைப்புகளுக்கு மொத்தம் 18.6 மில்லியன் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. கடைத்தொடரான ஜேஜேபி ஸ்போர்ட்ஸுக்கு 8.37 மில்லியன், அம்ப்ரோவுக்கு 6.64 மில்லியன், மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 1.65 மில்லியன். உறுதிமொழி தந்த இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமே தண்டிக்கப்பட்டவர் பட்டியலில் இருந்தது. மேல்முறையீட்டில் சில தொகைகள் குறைந்தன, குற்றம் நிலைத்தது.

அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போனது. ஏமாற்றப்பட்டவருக்குத் திரும்பியது மிகச் சொற்பம். 'விச்?' என்ற நுகர்வோர் அமைப்பு ஜேஜேபிமீது கூட்டு வழக்குத் தொடுத்தது. ஒவ்வொரு நுகர்வோரும் தாமாகப் பெயர் கொடுத்தால்தான் வழக்கில் சேர முடியும் என்ற விதி இருந்ததால் சேர்ந்தவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். 2008இல் ஏற்பட்ட சமரசத்தின்படி அவர்களுக்குத் தலைக்கு 20 பவுண்டும், வாங்கியதற்குச் சான்று காட்டிய மற்றவர்களுக்கு 10 பவுண்டும் கிடைத்தது. அந்த விதியின்கீழ் அதன்பின் எந்த வழக்கும் வரவில்லை. பாதிக்கப்பட்டோர் தனித்தனியே பெயர் கொடுக்காமலே அனைவர் சார்பிலும் வழக்கு நடத்தும் வழி 2015இல்தான் சட்டமானது.

அபராதத்தோடு பழக்கம் ஒழிந்துவிடவில்லை. 2018 இலையுதிர் காலத்தில் கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் ஜெர்சி கிளப்பின் இணையக் கடையில் 60 பவுண்டுக்கும் ஜேடி ஸ்போர்ட்ஸ் கடையில் 55 பவுண்டுக்கும் விற்றது. ஐந்து பவுண்டு வேறுபாடு கிளப்புக்குப் பொறுக்கவில்லை. உற்பத்தியாளர் எலைட் ஸ்போர்ட்ஸும் சேர்ந்து பேசி, ஜேடி தன் விலையை 60 பவுண்டாக உயர்த்தியது. போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2022இல் மூவருக்கும் சேர்த்து 2 மில்லியன் பவுண்டுக்கு மேல் அபராதம் விதித்தது. கிளப்பின் பங்கு 2,25,000 பவுண்டு. மறு ஆண்டு, தன் பொருள்களின் இணைய விற்பனையில் ஜேடியின் போட்டியைக் கட்டுப்படுத்தியதற்காக லெஸ்டர் சிட்டி கிளப்புக்கு 8,80,000 பவுண்டு அபராதம் விழுந்தது. ஐரோப்பிய ஆணையமும் 2019இல் நைக்கிக்கு 12.5 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. பார்சலோனா, மான்செஸ்டர் யுனைடெட், யுவென்டஸ் உள்ளிட்ட கிளப்புகளின் உரிமம் பெற்ற பொருள்களை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு விற்கவிடாமல் தடுத்ததே குற்றம்.

இந்த வழக்குகள் ஒரு வரம்பையும் காட்டுகின்றன. பலர் கூடி விலையை நிர்ணயித்தால் சட்டம் தண்டிக்கும். ஒரு கிளப்போ நிறுவனமோ தனியாக முடிவெடுத்து 85 பவுண்டு என்று விலை வைத்தால் அதைக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை.

கிளப் ரசிகரைப் பார்க்கும் பார்வை

நிர்வாகிகளின் மனத்தில் இருப்பது வெளிப்படையாகத் தெரியவந்த நிகழ்ச்சி 1998 மார்ச்சில் நடந்தது. நியூகாசில் யுனைடெட்டின் தலைவர் ஃப்ரெடி ஷெப்பர்டும் துணைத் தலைவர் டக்ளஸ் ஹாலும், அரபுச் செல்வந்தராக வேடமிட்ட செய்தியாளரிடம் மனம்விட்டுப் பேசினர். 5 பவுண்டில் தயாராகும் சட்டையை 50 பவுண்டு கொடுத்து வாங்குகிறார்கள் என்று தங்கள் ரசிகர்களையே எள்ளி நகையாடினர். உள்ளூர்ப் பெண்களையும் நட்சத்திர ஆட்டக்காரர் ஆலன் ஷியரரையும் இழிவாகப் பேசினர். செய்தி வெளியானதும் இருவரும் பதவி விலகினர். பங்குகள் அவர்கள் பக்கம் இருந்ததால் அதே ஆண்டிலேயே நிர்வாகக் குழுவுக்குத் திரும்பினர். ரசிகரின் மானம் புண்பட்டது, உரிமையாளரின் அதிகாரம் அசையவில்லை.

கிளப்பின் அடையாளமே உரிமையாளரின் விருப்பத்துக்கு உட்பட்டது என்பதை கார்டிஃப் சிட்டி காட்டியது. 'நீலப்பறவைகள்' என்று பெயர் பெற்ற அந்த அணியின் சட்டையை மலேசிய உரிமையாளர் வின்சென்ட் டான் 2012இல் சிவப்பாக்கினார். தொடர்ந்த எதிர்ப்புக்குப் பின் 2015 ஜனவரியில்தான் நீலம் திரும்பியது.

சட்டையின் நெஞ்சுப்பகுதியும் வாடகைக்கு விடப்படுகிறது. ரசிகர் காசு கொடுத்து வாங்கி இன்னொரு நிறுவனத்தின் விளம்பரத்தைச் சுமக்கிறார். சூதாட்ட நிறுவனங்களின் பெயர் பிரீமியர் லீக் சட்டைகளில் பெருகியபின் எதிர்ப்பு வலுத்தது. 2025–26 பருவத்தின் முடிவோடு அவற்றை நெஞ்சிலிருந்து நீக்க 2023இல் கிளப்புகள் ஒப்புக்கொண்டன. சட்டைக்கையில் அவை தொடரத் தடையில்லை.

வாங்க மறுத்தல்

ரசிகர் கையில் உள்ள ஒரே ஆயுதம் வாங்க மறுப்பது. அது எப்போது பலிக்கிறது, எப்போது பலிக்கவில்லை என்பதற்கு மூன்று நிகழ்ச்சிகள் சான்று.

2005இல் கிளேசர் குடும்பம் கடன் வாங்கி மான்செஸ்டர் யுனைடெட்டைக் கைப்பற்றியது, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே ஏற்றியது. 2010இல் ரசிகர்கள் கிளப்பின் சிவப்புக் கழுத்துத்துண்டை விட்டுவிட்டுப் பச்சையும் பொன்னிறமும் கலந்ததை அணியத் தொடங்கினர். கிளப் 1878இல் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் தொடங்கியபோதிருந்த நிறங்கள் அவை. அந்த மார்ச்சில் மிலான் அணிக்காக ஆட வந்த முன்னாள் யுனைடெட் ஆட்டக்காரர் டேவிட் பெக்காமும் ஆட்டம் முடிந்தபின் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். எதிர்ப்பு உலகச் செய்தியானது, உரிமை மாறவில்லை. உலகெங்கும் வாங்குவோர் உள்ள கிளப்பில் உள்ளூர் மறுப்பு வருமானத்தைத் தொடுவதில்லை.

சிறிய கிளப்பான பிளாக்பூலில் நிலைமை வேறு. ஓய்ஸ்டன் குடும்பம் கிளப்பின் பணத்தை முறைகேடாக உறிஞ்சியது என்று உயர் நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. ரசிகர்கள் 'இனி ஒரு காசும் தரமாட்டோம்' என்று நுழைவுச்சீட்டு, ஜெர்சி, மைதானத்துத் தின்பண்டம் அனைத்தையும் பல பருவங்களாகப் புறக்கணித்தனர். 2019 பிப்ரவரியில் நீதிமன்றம் பொறுப்பாளரை நியமித்து அக்குடும்பத்தின் பிடியை விலக்கியது. மார்ச்சில் ரசிகர்கள் கூட்டமாக மைதானத்துக்குத் திரும்பினர்.

லிவர்பூலில் 2016 பிப்ரவரியில் 77 பவுண்டு நுழைவுச்சீட்டு அறிவிக்கப்பட்டது. சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 77ஆம் நிமிடத்தில் ஏறத்தாழ 10,000 பேர் எழுந்து வெளியேறினர். சில நாள்களிலேயே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றனர். அடுத்த மாதம் பிரீமியர் லீக் வெளியூர் ரசிகர்களுக்கான சீட்டின் உச்ச விலையை 30 பவுண்டாக வரையறுத்தது. காலி இருக்கைகளைத் தொலைக்காட்சி மறைக்க முடியாது. ஜெர்சி வாங்காதவரோ கண்ணுக்குத் தெரிவதில்லை. சீட்டு விலைக்கு வரம்பு வந்ததற்கும் ஜெர்சி விலைக்கு வராததற்கும் இதுவே முக்கியக் காரணம்.

சட்டமும் சீர்திருத்தமும்

1997இல் அரசு அமைத்த கால்பந்துப் பணிக்குழு, டேவிட் மெல்லர் தலைமையில், வணிக விவகாரங்களை ஆராய்ந்தது. 1999 இறுதியில் அது பிளவுபட்டு இரண்டு அறிக்கைகள் தந்தது. ரசிகர் தரப்பும் பெரும்பான்மையினரும் வலுவான கண்காணிப்பு அமைப்பைக் கேட்டனர், கால்பந்து நிர்வாகத் தரப்பு சுயக்கட்டுப்பாடே போதும் என்றது. சுயக்கட்டுப்பாடு வென்றது.

2021 ஏப்ரலில் ஆறு ஆங்கிலக் கிளப்புகள் ஐரோப்பிய சூப்பர் லீக்கில் சேர முயன்று, ரசிகர்களின் கொதிப்பால் இரண்டே நாளில் பின்வாங்கியபின் காற்று திசை மாறியது. கால்பந்து நிர்வாகம் குறித்து டிரேசி கிரவுச் தலைமையில் நடந்த ஆய்வின் வழியே 2025 ஜூலையில் கால்பந்து ஆளுகைச் சட்டம் நிறைவேறி, சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பு உருவானது. கிளப்பின் சின்னத்தையோ சொந்த மைதானச் சட்டையின் முதன்மை நிறத்தையோ ரசிகர்களின் ஆதரவின்றி மாற்றச் சட்டம் அனுமதிக்காது. நுழைவுச்சீட்டு விலை குறித்தும் ரசிகர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். சட்டையின் நிறத்துக்குக் காவல் கிடைத்தது, சட்டையின் விலைக்கு வரம்பிடும் அதிகாரம் யாருக்கும் தரப்படவில்லை.

மாற்று வழி நடைமுறையில் சாத்தியம் என்பதை ஒரு பிரீமியர் லீக் கிளப்பே காட்டியுள்ளது. பிரென்ட்ஃபோர்ட் 2021–22 பருவத்தின் சொந்த மைதானச் சீருடையை அடுத்த பருவத்திலும் மாற்றாமல் அணிந்தது. ரசிகர்களின் செலவைக் குறைப்பதும் சுற்றுச்சூழலைக் காப்பதும் நோக்கம் என்று அறிவித்தது. அடுத்த சீருடையையும் இரண்டு பருவங்களுக்கு வைத்துக்கொண்டது. அதனால் கிளப் லீக்கிலிருந்து கீழிறங்கவும் இல்லை, ரசிகர்களை இழக்கவும் இல்லை.

ஜெர்சியின் விலையைத் தீர்மானிப்பது துணியோ தையலோ வரியோ அல்ல. விட்டுப்போக மாட்டார் என்று தெரிந்த வாடிக்கையாளரிடம் எவ்வளவு கேட்கலாம் என்ற கணிப்பே அதைத் தீர்மானிக்கிறது. வணிகச் சட்டம் அவரைக் கடை மாறக்கூடிய சாதாரண நுகர்வோராகக் கருதுவதால், கூட்டுச் சதியிலிருந்து மட்டுமே அவரைக் காக்கிறது. சீருடையின் ஆயுளை இரண்டு பருவங்களாக்குவதும், சிறுவர் ஜெர்சிக்கு உச்ச விலை வைப்பதும், நுழைவுச்சீட்டைப் போலவே ஜெர்சி விலையிலும் ரசிகர் அமைப்புகளின் கருத்தைக் கேட்பதைக் கட்டாயமாக்குவதும் எந்தக் கிளப்பையும் நொடிக்கச் செய்யாத சீர்திருத்தங்கள். அவை வரும்வரை, விசுவாசத்துக்கான கட்டணத்தை ரசிகர் ஒவ்வொரு பருவமும் புதிதாகச் செலுத்திக்கொண்டுதான் இருப்பார்.